பதின்மூன்றாவது கார்டு

இலஞ்சி,
12-7-53, ஞாயிற்றுக்கிழமை.

சௌபாக்கியவதி கல்யாணசுந்தரிக்கு, உன் வீட்டுக்காரன் தாணுமாலயன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வடிவாம்பாள், குத்தாலிங்கம், செவலைப் பசு ஆகிய நால்வரும் சௌக்கியம். பாளையங்கோட்டையில் நீயும் உன் ஹாஸ்டல் சாம்பாரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை மறுதபாலில் தெரிவிக்கவும்.

நீ தென்காசி ஸ்டேஷனில் வண்டி ஏறி இன்றோடு ஐந்து வாரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாய். "பிள்ளைக ஏங்குதுன்னா ஒளிக்காம எழுதிரணும். மறுநாளே டிரெயினிங்க விட்டுட்டு வந்துருவேன்" என்றாய். வண்டி நகர்ந்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டு போனாய். அந்தச் சத்தியத்தின்படி எழுதுகிறேன்: ஏங்கவில்லை. ஒருவரும் ஏங்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு வருஷம் குற்றாலச் சாரல் நம்மை ஏமாற்றிய பிறகு, இந்த வீட்டில் ஒருத்தர் வானத்தை நம்பட்டும், இன்னொருத்தர் கரும்பலகையை நம்பட்டும் என்று நாம் இருவரும் பேசி எடுத்த முடிவு அது. இரண்டு வருஷப் படிப்பை முடித்துவிட்டு டீச்சராகவே வந்து இறங்கு. அதை மாற்ற இங்கே ஒரு காரணமும் இல்லை.

இனி ஊர்ச் சங்கதி. நீ வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போன நேரம் பார்த்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்தைப் பாதியாக நறுக்கிவிட்டது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு இனி அரைநாள்தான் பள்ளிக்கூடம். மீதி அரைநாள் வீட்டில் இருந்து தகப்பன் செய்கிற தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். நம் யோகத்தைக் கேள். மூன்றாம் வகுப்பு வடிவுக்குக் காலை எட்டு முதல் பதினொன்று வரை. ஒன்றாம் வகுப்புக் குத்தாலிங்கத்துக்குப் பகல் ஒன்று முதல் நாலு வரை. அவள் போனால் அவன் இருக்கிறான், அவன் போனால் அவள் இருக்கிறாள். டியூட்டி மாறுகிற போலீஸ்காரர்களைப் போல இருவரும் முறை வைத்து என்னைக் காவல் காக்கிறார்கள். ஹெட்மாஸ்டர் ஹபீபுல்லா சாரிடம் போய், இரண்டையும் ஒரே கூட்டத்தில் போடக் கூடாதா என்று கெஞ்சினேன். "என்ன அண்ணாச்சி, பெத்த பிள்ளையளோட ஒருநேரம் இருக்கதுக்கு இம்புட்டு யோசிக்கீக" என்றார். ஒருநேரம் இல்லை ஐயா, எனக்கு இருநேரமும் அதுதான் என்றேன். சிரித்தார், ஆனால் மாற்றவில்லை. நாலைந்து மைல் தள்ளிச் செங்கோட்டைக்குப் போனால் திருவாங்கூர்-கொச்சி சர்க்கார், அங்கே முழுநாள் பள்ளிக்கூடம். பிள்ளைகளையும் பசுவையும் ஓட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடலாமா என்று ஒருநாள் காலையில் நிஜமாகவே யோசித்தேன்.

ஹபீபுல்லா சார் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும். சர்க்கார் கேட்டதோ கேட்கவில்லையோ, அவராகவே ஒரு நீள நோட்டுப் போட்டுவிட்டார். ஒவ்வொரு பிள்ளை பெயருக்கும் எதிரே 'வீட்டில் கற்கும் தொழில்', 'கற்றுக்கொடுப்பவர்' என்று இரண்டு கட்டம். பக்கத்து வீட்டு ராபியாவின் மகன் மெனக்கெட்டு உட்கார்ந்து தகப்பன் காஜாவின் தறிக்கு நூல் சுற்றுகிறான். அவனுக்குக் கட்டம் நிரம்பிவிட்டது. முடி வெட்டுகிற பரீதுதான் நோட்டைப் பார்த்ததும் கொதித்துப் போனார். "நான் கத்தி புடிச்சது காணாதா அண்ணாச்சி? எம் பய பேனா புடிக்கணும்னுதான பள்ளியோடத்துக்கு விடுதேன். மத்தியானம் வந்து நீயும் கத்தியப் புடிலேன்னா, பொறவு என்ன எழவுக்குக் காலைல அனுப்ப?" என்று என் தாடையில் சோப்பு நுரையோடு கேட்டார். கத்தி என் தொண்டைக்குழியில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. கத்தி இல்லாமல் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கேட்டது நியாயம்.

அடுத்த கட்டம் என்னுடையது. தகப்பன் தொழில் என்ன? குற்றாலத்தில் ஏழு சீசன் பங்களாக்களின் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அலைவது. அந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் மதராஸிலும் நாகர்கோவிலிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது வவ்வால். ஆனியிலும் ஆடியிலும் வவ்வாலை விரட்டிவிட்டு, விருதுநகருக்கும் காரைக்குடிக்கும் மதுரைக்கும் கார்டு போடுவேன்: 'சீசன் பிரமாதம். ஐந்தருவியில் ஐந்தும் விழுகிறது. வீடு தயார். உடனே புறப்படவும்.' அருவி விழுந்தாலும் இதே கார்டுதான், பாறை காய்ந்தாலும் இதே கார்டுதான். இதற்கு என்ன பெயர் என்று ஹபீபுல்லா சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். 'வீட்டுத் தரகு' என்று எழுதச் சொன்னேன். அதன் சரியான பெயர் உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

ஆனாலும் விடுவேனா? பாடம் நடத்துகிறேன். கணக்குப் பாடம் மூன்றாம் நம்பர் பங்களாவில். "ஏலே குத்தாலிங்கம், உள்ள பதினாறு வவ்வாலு. நான் வெளக்கமாத்தத் தூக்குனதும் ஒம்பது பறந்துட்டு. மிச்சம் எத்தன?" என்றேன். "மிச்சம்லாம் ஒங்க தலைக்கு மேல நிக்கிப்பா" என்றான். விடை தவறு, ஆனால் செய்தி சரி. பூகோளம் பழைய கார்டுகளின் விலாசத்திலிருந்து. தொழிற்கல்விக்குத் தென்காசி ஸ்டேஷன். வண்டியிலிருந்து இறங்குகிறவர்களில் கூஜாவும் ஜமுக்காளச் சுருட்டும் வைத்திருப்பவர்தான் நம் ஆள் என்று சொல்லிக் கொடுத்தேன். பயல் கூட்டத்தில் புகுந்து, கூஜாவும் இல்லாமல் ஜமுக்காளமும் இல்லாமல் தனியாக இறங்கிய ஒரு பெரியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "தண்ணி நல்லா விழுது மாமா, குளிக்க வாங்க" என்றான். அவர் மேலகரத்தில் ஒரு சாவு வீட்டுத் துஷ்டிக்கு வந்தவர். பையனைக் குனிந்து பார்த்து, "குளிக்கத்தாம்ல வந்திருக்கேன், வேற என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பார்சல் எடை போடுகிற தராசுக் கூண்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உன் பாடங்களும் நடக்கின்றன. டிரெயினிங்கில் உனக்குச் சொல்லித்தருவதை வாரம் ஒரு கடிதத்தில் நீ வடிவுக்கு எழுதுகிறாய் அல்லவா, அவள் அதைத் தம்பியிடம் அப்படியே செய்து பார்க்கிறாள். புளியங்கொட்டையை வைத்துக் கூட்டல், ஈர மணலில் விரலால் அ, ஆ. போன கடிதத்தில் கட்டுரைப் பாடம் எழுதியிருந்தாய்: 'கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. பார்க்காததை எழுதாதே.' அதை அவள் அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்துவிட்டாள். நல்ல பாடம்தான். என் தொழிலுக்குக் கொஞ்சம் ஆகாத பாடம்.

சடை பின்னுவதும் நானே. ஒரு சடை தென்காசியைப் பார்க்கிறது, இன்னொன்று செங்கோட்டையைப் பார்க்கிறது. ராபியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணாச்சி, சட பின்னுதீகளா, கயித்துக் கட்டில் பின்னுதீகளா?" என்கிறாள். முத்துவடிவு ஆச்சி நம் வாசலோடு போகும்போதெல்லாம் கொஞ்சம் நின்று, "பொண்டாட்டியப் படிக்க அனுப்பிட்டு ஆம்பள சட பின்னுதான். மழ எப்படிப் பெய்யும்?" என்று காற்றிடம் கேட்டுவிட்டுப் போகிறாள். சாரல் குறைந்ததற்கு இப்போது ஊரில் நான்தான் காரணம்.

குத்தாலிங்கத்தின் படிப்பு ஆசையைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நிறையாது. பள்ளிக்கூடம் பகல் ஒரு மணிக்கு. பயல் தினமும் காலை பத்து மணி வண்டி கூவும்போதே தானாக முகம் கழுவி, பவுடர் போட்டு, அந்த நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிடுகிறான். மூன்று மணி நேரம் முன்னதாக! நான் படித்த காலத்தில் என்னைத் தூக்கிக்கொண்டு போகவே இரண்டு ஆள் வேண்டும். பிள்ளை உன் ஜாதகம்.

நீ நிம்மதியாகப் படி. ஒருவரும் ஏங்கவில்லை.

இப்படிக்கு,
சடை பின்னக் கற்றுக்கொண்டு வரும்
தாணுமாலயன்.


இலஞ்சி,
30-8-53, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்புள்ள கல்யாணசுந்தரிக்கு,

உன் கார்டு நேற்று வந்தது. நாலே வரி. 'வடிவு எழுதியது கிடைத்தது. நீங்கள் எழுதியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டிரெயினிங் போதும். வெள்ளிக்கிழமை பத்து மணி வண்டிக்கு ஸ்டேஷனுக்கு வரவும்.' கீழே கையெழுத்து இல்லை. நமக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நீ எனக்குக் கையெழுத்து இல்லாமல் எழுதியது இதுதான் முதல் தடவை. உன் கோபத்தின் அளவு புரிந்தது.

புறப்படுவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. பொய்யனுக்கும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

ஆடி பிறந்து சாரல் சுத்தமாக நின்றுபோனது. மேற்கே மலை வெளுத்துக் கிடந்தது. ஏழு சாவியும் இடுப்பில் கனத்தன. வழக்கமான பன்னிரண்டு பேருக்கும் வழக்கமான கார்டு போட வேண்டிய நேரம். எனக்கோ ஒரு பக்கம் பருப்புத் தீய்கிறது, ஒரு பக்கம் பசு கத்துகிறது. வடிவை அழைத்து, "ஏட்டி, ஒன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கே, நீ எழுது. இதுவும் அப்பா தொழில்தான், ஹெட்மாஸ்டர் நோட்டுக்கும் ஆச்சு" என்று பழைய கார்டு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தேன். தடவித் தடவிப் படித்துவிட்டு, "ஐந்தருவியில அஞ்சும் விழுதாப்பா?" என்றாள். "விழும்" என்றேன். "விழுதா?" என்றாள். நான் பருப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, பங்களாக்களைத் திறந்து காற்றாட விடுவதற்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்குப் போனேன். நான் மூன்றாம் நம்பரில் வவ்வாலோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்த நேரத்தில் இவள் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய அருவிக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பன்னிரண்டு கார்டும் எழுதினாள். ஒரு கார்டு கூடுதலாக வேண்டும் என்றாள். ஏதோ மை சிந்திவிட்டது போல என்று நினைத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி நீட்டினாள். கையெழுத்தைப் பார்த்தேன், அழகு. எழுதியதைப் பார்க்கவில்லை. அப்படியே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் ஸ்டேஷனில் காத்திருந்தேன். கூஜா ஒன்றுகூட இறங்கவில்லை. பதினோராம் நாள் விருதுநகர் வத்தல் மண்டி முதலாளியிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே நம் கார்டையே திருப்பி வைத்திருந்தார். நீயும் படி, அப்படியே எழுதுகிறேன்:

'பெரிய அருவிக்குப் போய்ப் பார்த்தேன். பாறை முழுக்கத் தெரிகிறது. ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீர் வருகிறது. அதில் ஒரு மாமா சோப்புப் போட்டுவிட்டு அலசத் தண்ணீர் போதாமல் நின்றுகொண்டிருந்தார். ஐந்தருவிக்கு நான் போகவில்லை. அப்பாவும் போகவில்லை. அதனால் அது தெரியாது. வீடு சுத்தமாக இருக்கிறது. வவ்வால் ஏழு இருக்கிறது. இப்படிக்கு, தா. வடிவாம்பாள், மூன்றாம் வகுப்பு.'

பன்னிரண்டு வீட்டுக்கும் இதே கார்டு! நான் கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். என் இருபது வருஷத் தொழிலை ஒரு பிள்ளை ஒன்றேகாலணாப் பேனாவால் முடித்துவிட்டது. "ஏட்டி, என்னட்டி இப்படிப் பண்ணிட்ட?" என்றேன். அவள் அடுப்படிச் சுவரைக் காட்டினாள். அந்தச் சுவரில் இருப்பது உன் பாடம். ஆகவே இந்தக் குற்றத்தில் உனக்கும் பாதிப் பங்கு உண்டு.

கவரில் முதலாளி தன் கையால் எழுதிய துண்டு ஒன்றும் இருந்தது. 'தரகருக்கு, பதினொரு வருஷமாக உம்முடைய கார்டைப் படித்துவிட்டு வந்து காய்ந்த பாறையை வேடிக்கை பார்த்திருக்கிறோம். முதல்முறையாக உம்முடைய வீட்டிலிருந்து நிஜம் வந்திருக்கிறது. தண்ணீர் விழும்போது அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லவும். நீர் எழுத வேண்டாம்.' கடைசி மூன்று வார்த்தைக்கு அடியில் கோடு.

ஆடி கடைசியில் நல்ல சாரல் பிடித்தது. மறுபடி அருவிக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை ஐந்தருவிக்கும்தான். பார்க்காவிட்டால் எழுத மாட்டேன் என்கிறாளே, என்ன செய்ய? வில்வண்டி வைத்துக்கொண்டு போனோம். எண்ணிப் பார்த்துவிட்டு, 'நாலு நன்றாக விழுகிறது. ஐந்தாவது கொஞ்சம்' என்று எழுதினாள். நாலரை என்றாவது போடேன் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. மண்டி முதலாளி இருபத்திரண்டு பேரோடு வந்து இறங்கினார். வந்ததும் என்னைத் தேடவில்லை, "மூணாங்கிளாஸ் எங்க?" என்றார். மதுரைக்காரர்களும் வந்தார்கள். காரைக்குடிக் குடும்பம் இந்த வருஷம் வரவே இல்லை. நாகர்கோவில் வீட்டுக்காரர், வவ்வால் சங்கதியை எழுதியது யார் என்று கேட்டு ஒரு சூடான கடிதம் போட்டிருக்கிறார். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. எழுதினால் வடிவிடம் காட்ட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. அந்தப் பதின்மூன்றாவது கார்டு மை சிந்தியது இல்லை, உனக்கு எழுதியது என்பது நேற்று உன் நாலு வரியைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஹாஸ்டல் விலாசம் சரியாக எழுதாததால் அது ஒரு மாதம் பாளையங்கோட்டையைச் சுற்றிவிட்டு உன்னிடம் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். என்ன எழுதினாய் என்று வடிவைக் கேட்டேன். ஒப்பித்தாள்: 'அம்மா, தம்பி தினமும் பத்து மணி வண்டிக்குச் சட்டை போட்டு உட்காருகிறான். நீ வரவில்லை. சட்டையைக் கழற்றும்போது அழுகிறான்.'

ஆமாம். படிப்பு ஆசை இல்லை. நீ அந்த வண்டியில்தான் வருவாய் என்று பயலுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். நீ போன மறுநாள், அழுகையை நிறுத்துவதற்காக, "பத்து மணி வண்டில வந்துருவா, மொகம் கழுவு" என்றேன். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மறுநாளும் கழுவினான். அதற்கு அடுத்த நாளும். வண்டி கூவிச் செங்கோட்டைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் ஆகும்வரை உட்கார்ந்திருப்பான். ஸ்டேஷனிலிருந்து நீ நடந்து வர நேரம் ஆகும் அல்லவா, அந்தக் கணக்கு. வவ்வால் கணக்கில் தவறியவன் இந்தக் கணக்கில் தவறவில்லை. வடிவு பதினொரு மணிக்கு வந்து சட்டையைக் கழற்றிவிடுவாள். பவுடர் கன்னத்தில் கோடு கோடாக இருக்கும்.

மற்ற பொய்களையும் இப்போதே இறக்கி வைத்துவிடுகிறேன். அவன் உன் பழைய சுங்குடிச் சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டுதான் படுக்கிறான். துவைக்க விடமாட்டேன் என்கிறான். வடிவு முதல் மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. என் குழம்பும் அதற்குக் காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. உன் கடிதம் வருகிற நாளில் அவள் தபால்காரரை எதிர்கொண்டு தெருமுனைவரை போய் வாங்கி வந்து, எனக்குக் கொடுப்பதற்கு முன் தனியாக ஒரு தடவை படித்துவிடுகிறாள். சடையை இப்போது தானே பின்னிக்கொள்கிறாள். நான் பின்னினால் தலை வலிக்கிறதாம். இந்த இடத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, ஓரத்தில் இதை எழுதுகிறேன். வெயிலில் பிடித்துப் பார்க்காதே, காரணம் கடைசியில் வரும்.

காலையில் இன்னமும் இரண்டு டம்ளர் காப்பி போடுகிறேன். இரண்டையும் நானே குடிக்கிறேன்.

இதோ, அத்தனையும் சொல்லிவிட்டேன். சத்தியம் வாங்கியபடி இப்போது நீ வரலாம். அந்த உரிமை உனக்கு உண்டு, மறிக்க மாட்டேன். ஆனால் நேற்று மாலை ஒன்று நடந்தது. அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்.

உன் கார்டோடு ஹபீபுல்லா சாரைப் பார்க்கப் போனேன். நீ வந்துவிட்டால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்குமே, கூட்டத்தை மாற்றும்படி கேட்டதை விட்டுவிடலாம் என்று சொல்ல ஏதோ ஒரு சாக்கு. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. அந்த நீள நோட்டை எடுத்தார். "இதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க அண்ணாச்சி" என்றார். குத்தாலிங்கத்துக்கு எதிரே அவர் கையெழுத்தில், 'வீட்டுத் தரகு. கற்றுக்கொடுப்பவர்: தந்தை.' வடிவாம்பாளுக்கு எதிரே முன்பு அவர் எழுதியிருந்த அதையே அடித்துவிட்டு, அவள் தன் கையால் எழுதியிருந்தாள்: 'வாத்தியார் வேலை. கற்றுக்கொடுப்பவர்: அம்மா.'

அவருக்கும் அது பிடிபடவில்லையாம். "ஏ பிள்ள, ஒங்கம்மாதான் ஊர்லயே இல்லியே, எப்படிட்டி சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டிருக்கிறார். "லெட்டர்ல சொல்லிக் குடுக்கா சார்" என்றாளாம். உன் கடிதங்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறாள், புளியங்கொட்டைப் பாடம் முதல் வரிசையாக நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது. அவரும் குறும்புக்காரர்தானே, "ஒங்கம்மா இன்னும் டீச்சரே ஆகலியே" என்று சீண்டியிருக்கிறார். அவர் கையிலிருந்த பேனாவையே வாங்கி, கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் பொடியாக எழுதியிருக்கிறாள். நான் என் கண்ணால் பார்த்தேன்: 'அம்மா 1955-ல் டீச்சர் ஆவாள்.' கரியும் இல்லை, பென்சிலும் இல்லை. மை.

"பாக்காதத எழுத மாட்டாளே, இத மட்டும் எப்படி எழுதுனா?" என்று நான் சாரைக் கேட்டேன். "நானும் அதத்தான் கேட்டேன் அண்ணாச்சி. 'டிரெயினிங் போகதுக்கு முந்திப் பரீச்சைக்கு அம்மா படிக்கத நான் பாத்துருக்கேன் சார், வெளக்குத் திரி தீயுற மட்டும் படிப்பா'ன்னா" என்றார்.

கல்யாணசுந்தரி, நான் பொய் சொல்லியே பிழைத்தவன். என் கார்டைப் படித்து வந்தவர்கள் காய்ந்த பாறையைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த வருஷம் மறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை எழுதியதை நம்பி விருதுநகரிலிருந்து இருபத்திரண்டு பேர் மூட்டை கட்டுகிறார்கள். இதுவரை அவள் எழுதிய எதுவும் தவறவில்லை. நீ வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிட்டால், அவள் மையால் எழுதிய அந்த ஒரு வரி பொய்யாகிவிடும். ஒரு வீட்டுக்குப் பொய்யன் ஒருவன் போதும். என் மகளையும் என் தொழிலுக்கு இழுத்துவிடாதே.

குத்தாலிங்கத்துக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இன்று காலை அவனை மடியில் உட்காரவைத்து, "அம்மா பத்து மணி வண்டில இன்னைக்கு வரமாட்டா, நாளைக்கும் வரமாட்டா, பூசை லீவுக்கு வருவா" என்று நிஜத்தைச் சொன்னேன். அழுதான். ராபியா ஓடி வந்து, "என்ன அண்ணாச்சி, பிள்ளைய அடிச்சீகளா?" என்றாள். அடித்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டான். பிறகு வடிவு நாற்பத்திரண்டு புளியங்கொட்டையை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு அவன் கையில் கொடுத்தாள். தினமும் வண்டி கூவும்போது ஒன்றை எடுத்து வெளியே வைக்க வேண்டும். டப்பா காலியானால் அம்மா. கழித்தல் கணக்கு, உன் பாடம்தான். முதல் கொட்டையை வைத்துவிட்டுச் சட்டை போடாமல் விளையாடப் போனான். மத்தியானம் இரண்டாவதையும் எடுக்கப் பார்த்தான், கையும் களவுமாகப் பிடித்தோம். அந்த அளவுக்கு அவன் என் பிள்ளை.

ஆகவே பிரின்சிபாலிடம் விலகல் கடிதம் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்கிவிடு. பூசை லீவுக்கு வா. டப்பா காலியாகிற அன்று கண்டிப்பாக வா, அது மட்டும் தவறக் கூடாது. நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷனில் நிற்போம். நீலச் சட்டையைத் துவைத்து வைத்திருப்பேன். மீனாட்சி அம்மன், காந்திமதி அம்மன் எல்லாரும் உனக்குத் துணையிருக்கட்டும். நன்றாகச் சாப்பிடு, விளக்கை எட்டவைத்துப் படி.

உன்னுடைய,
தாணுமாலயன்.

அடித்த வரிக்குக் காரணம்: இனி இந்த வீட்டிலிருந்து எந்தக் கடிதம் போனாலும் வடிவு படித்துப் பார்த்த பிறகுதான் போகும் என்று சட்டம் வந்திருக்கிறது. இதையும் அடுப்படியில் நின்றபடி முழுக்கப் படித்தாள். வவ்வால், பரீச்சை, புளியங்கொட்டை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நான் 'எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இத நான் பாக்கலியேப்பா" என்று பேனாவை நீட்டினாள். அடித்துவிட்டேன்.